குரோம்பேட்டைக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே

பொத்தேரி ரயில் நிலையத்தில் காலை எட்டு மணியளவில் வந்து நிற்கும் மின்ரயிலிலிருந்து இறங்குகின்ற கூட்டத்தை நாம் பலமுறை பார்த்திருக்கின்றோம். அண்மையில் ஒருநாள் முகங்களை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றோம். பல்கலைக்கழகத்திற்கு விரைகின்ற மாணவ மாணவியருள் பெரும்பாலோர் அணிந்திருந்தவை விளையாட்டுக் காலணிகள். அவற்றுள் விளையாடுவதற்கென்றே வாங்கப்பட்டவை எத்தனை என்று கேட்டால், விடை சிரிப்பை வரவழைக்கும். ஓடுவதற்கென்று செய்யப்பட்ட ஷூவில் ஒருவர் தேர்வு எழுதப் போகின்றார். கூடைப்பந்தாட்டத்திற்கென்று செய்யப்பட்டதை அணிந்து இன்னொருவர் தேநீர்க் கடையில் நிற்கின்றார்.

நாம் கால்களைப் பார்க்க நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் பங்கைச் சேர்ந்த சகோதரி ஒருவருக்கு வயது நாற்பத்தெட்டு. இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதாக மருத்துவர் சொன்னதும், வீட்டுக்கு அருகில் மாடியொன்றில் நடைபெறும் உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். ஸ்டெப் ஏரோபிக்ஸ் என்னும் பயிற்சி அது. அரை அடி உயரமுள்ள பலகையொன்றின் மீது இசைக்கு ஏற்ப ஏறுவதும் இறங்குவதும், இடையிடையே பக்கவாட்டில் தாவுவதுமாக நாற்பது நிமிடங்கள் செல்கின்றன. மகிழ்ச்சியாகத்தான் போய்வந்தார். மூன்றாவது வாரத்தில் கெண்டைக்காலின் முன்புற எலும்பை ஒட்டி வலி தொடங்கிற்று. காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. பயிற்றுநர் நல்ல ஷூ வாங்கச் சொன்னார். கடைக்காரரோ நிறங்களைக் காட்டினார். “எது நல்ல ஷூ என்று யாரும் சொல்லவில்லையே” என்று அவர் நம்மிடம் கேட்டார். நாம் காலணி வல்லுநர் அல்லோம். பழைய செய்திகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் ஒன்றுதான் நமக்கு உண்டு. ஆனால் தேடத் தொடங்கியபோது, விடையின் பெரும்பகுதி நம் ரயில் பாதையிலேயே, பொத்தேரிக்கு வடக்கே ஒரு நிலையத்திலும் தெற்கே ஒரு நிலையத்திலும் கிடந்ததைக் கண்டு வியந்தோம்.

வடக்கே இருப்பது குரோம்பேட்டை. நாள்தோறும் அந்தப் பெயரைச் சொல்கின்ற நம்மில் பலர் அதன் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்னும் உலோக உப்பிலிருந்து வந்த பெயர் அது. முன்பெல்லாம் சென்னை மாகாணத்தில் ஆவாரம் பட்டையில் தோலை வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்டார்கள். அந்தத் தோல் கெட்டியானது, உறுதியானது, ஆனால் நனைந்து காய்ந்தால் விறைத்துப் போகும். குரோமிய உப்பில் பதனிடும் முறையோ சில நாள்களில் முடிந்துவிடும். கிடைக்கும் தோல் மென்மையானது; வளைந்து கொடுக்கும்; நீருக்கும் வெப்பத்திற்கும் எளிதில் கெடாது. இந்த முறையைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். இருபதாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் அவர் இதனைச் சோதித்தார். அக்காலத்தில் அவர் மனத்தில் இருந்தவற்றுள் ஒன்று கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலைப் பறி. எந்நேரமும் நனைந்திருக்கும் தோலுக்கு இதைவிடப் பொருத்தமான பதம் வேறில்லை. பின்னர் 1910-களில் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை அடுத்து குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். தொழிற்சாலை ஊரானது, ஊரின் பெயர் ரயில் நிலையப் பலகையில் ஏறிற்று.

விளையாட்டுக் காலணியின் மேற்பகுதி காலைக் கவ்விப் பிடித்தபடியே வளையவும் வேண்டுமென்றால், அதற்கு இத்தகைய மெல்லிய தோல்தான் நெடுங்காலம் பயன்பட்டது. இன்று நெய்த செயற்கைத் துணி அந்த இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டுவிட்டது. தோல் தொழிலால் பாலாறு பட்ட பாட்டையும், 1996-இல் வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்ததையும் நினைத்தால், அந்த மாற்றத்தைக் குறித்து நாம் முழுவதுமாக வருந்துவதற்கில்லை.

மேற்பகுதியின் கதை இது. காலைக் காப்பது பெரிதும் அடிப்பகுதி. நம் தலைமுறையினர் பள்ளியில் அணிந்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை மறந்திருக்கமாட்டோம். உடற்பயிற்சி நாளுக்கு முந்திய இரவில் அதற்கு வெள்ளை பூசிக் காயவைப்போம். பூச்சு தீர்ந்துவிட்டால் கரும்பலகைச் சுண்ணக்கட்டியைத் தேய்த்து ஆசிரியரின் கண்ணை ஏய்ப்போம். துணியும் தட்டையான ரப்பரும் சேர்ந்த அந்த வகை ஷூ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கடற்கரைகளில் உலாவியவர்களுக்காகத் தோன்றியது. 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் வழியைக் கண்டபின் அது பெருகிற்று. அணிவகுத்து நிற்பதற்கும் கையைக் காலை நீட்டி மடக்குவதற்கும் அது போதுமானதாயிருந்தது. குதிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. தரையின் அடி அப்படியே எலும்புக்குப் போய்ச் சேரும்.

குதிப்பது பெரியவர்களின் உடற்பயிற்சியாக மாறியது மிகவும் பிற்காலத்தில்தான். அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் ‘ஏரோபிக்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். மூச்சும் இதயமும் சீராக உழைக்கும்படி நெடுநேரம் செய்யும் பயிற்சியே நலம் தரும் என்பது அதன் கருத்து. அடுத்த ஆண்டே ஜாக்கி சோரன்சன் என்னும் பெண்மணி அதனை நடனத்தோடு இணைத்தார். பத்தாண்டுகளுக்குள் பல்லாயிரம் பெண்கள் கெட்டியான தரைகளில் வெறுங்காலோடும், கிடைத்த ஷூவோடும் குதித்துக்கொண்டிருந்தார்கள். ரீபாக் நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதியாயிருந்த ஏஞ்சல் மார்ட்டினெஸ் என்பவர், தம் மனைவி சென்ற வகுப்பைப் பார்த்தபின், இதற்கென்று தனியே ஒரு காலணி வேண்டும் என்று சொன்னார். 1982-இல் ‘ஃப்ரீஸ்டைல்’ என்னும் பெயரில் அது வெளிவந்தது. ஆடை தைக்கும் தோலைப்போல் மெல்லிய தோலால் ஆனதால் அதன் முனையில் சுருக்கம் விழுந்தது; அந்தச் சுருக்கமே அழகென்று பெயர் பெற்றுவிட்டது! அளவற்று விற்பனையாயிற்று. ஆனால் வலி நீங்கவில்லை. 1980-களின் நடுவில் இத்தகைய வகுப்புகளை ஆராய்ந்தவர்கள், மாணவியரைவிடப் பயிற்றுநர்களே மிகுதியாகக் காயமுற்றிருப்பதையும், அடிபடும் இடங்களில் முன்கால் எலும்பு முன்னணியில் நிற்பதையும் கண்டார்கள். நன்றாகத் தெரிந்தவர்களே கூடுதலாக அடிபட்டார்கள் என்றால், தவறு தெரியாமையில் இருந்திருக்க முடியாது. எண்ணிக்கையில் இருந்தது.

பலகைப் பயிற்சியும் ஒரு காயத்திலிருந்து பிறந்ததே. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஜின் மில்லர் என்னும் பயிற்றுநருக்கு முழந்தாளில் அடிபட்டது. தசையை வலுப்படுத்த ஒரு பெட்டியின் மீது ஏறி இறங்குமாறு மருத்துவர் சொன்னார். பால் புட்டிகள் அடுக்கும் பெட்டியில் ஏறி இறங்கியவர் அதற்கு இசையைச் சேர்த்தார். 1980-களின் முடிவில் ரீபாக் அதனைப் பலகையாக்கி உலகெங்கும் விற்றது. துள்ளிக் குதிப்பதைவிட இது காலுக்கு இதமானது என்பது உண்மை. ஒரு கால் எப்போதும் தாங்கலில் இருக்கின்றதல்லவா? ஆனாலும் நம் சகோதரிக்கு வலித்தது. ஏன்?

இதற்கு விடை தேடித் தெற்கே செல்ல வேண்டும். பொத்தேரியிலிருந்து காட்டாங்குளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் வழியாகச் செங்கல்பட்டுக்கு அரைமணிப் பயணம். அங்கே திருமணியில் இருந்தது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. நடுவண் அரசு 1955-இல் அதனை ஏற்று, தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கிற்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1947-இல், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் புதிதாய் வந்திருந்த எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர், தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பில் அங்குச் சுற்றிப் பார்க்க வந்தார். பெயர் பால் பிராண்ட். 1914-இல் நம் கொல்லிமலையில் மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்து, மலைச்சிறுவர்களோடு வெறுங்காலில் ஓடித் திரிந்தவர்.

மடங்கிப்போன விரல்களோடு நின்ற ஒருவரிடம், தம் கையைப் பற்றி அழுத்துமாறு பிராண்ட் கேட்டார். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தவர் வலியால் துடித்துவிட்டார். அத்தனை வலிமை அந்தக் கையில் இருந்தது. தசை கெடவில்லை; உணர்வுதான் போயிருந்தது. செங்கல்பட்டில் நிகழ்ந்த அந்த ஒரு கைகுலுக்கல் அவருடைய வாழ்நாள் பணியைத் தீர்மானித்தது எனலாம். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகின்றது என்றே அக்காலத்தில் மக்களும், மருத்துவருள் பலரும் நம்பினார்கள். வேலூரில் துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பெரியவர்களால் திறக்க இயலாதபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியைத் திருகி எளிதாகத் திறந்தான். அவன் விரலைப் பார்த்தால் சதை எலும்புவரை கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. விரல்களைத் தின்பது நோயன்று, வலியின்மையே என்று பிராண்ட் உணர்ந்தார். வலி தடுத்திருக்க வேண்டிய இடத்தில் அது தடுக்கவில்லை.

கைகளைவிடக் கால்கள் அவருக்குப் பெருந்துன்பம் கொடுத்தன. அறுவை செய்து, புண்ணை ஆற்றி வீட்டுக்கு அனுப்பினால், சில மாதங்களில் அதே புண்ணோடு திரும்பி வந்தார்கள். பேருந்து நிலையத்திலிருந்து வீடுவரை நடந்த நடையே போதுமானதாயிருந்தது. மரக்கட்டைச் செருப்பு, மெழுகு, பிளாஸ்டிக் என்று பலவற்றையும் சோதித்த பின்னரே நுண்ணறை ரப்பர் வந்தது. எண்ணற்ற நுண்ணிய காற்றறைகளைக் கொண்ட மென்மையான ரப்பர் அது. பஞ்சைப்போல் நசுங்கிவிடாமலும், கல்லைப்போல் எதிர்க்காமலும் பாதத்தின் வடிவத்திற்கு இடங்கொடுத்து, எடையைப் பாதம் முழுவதற்கும் பகிர்ந்தளிக்கும். அதன்கீழ் உறுதியான அடித்தளம் ஒன்றை ஒட்டினார்கள். ஆணி அடிக்கவில்லை, ஆணி நிமிர்ந்து குத்தினாலும் உணர முடியாத கால்கள் அவை. கால் முன்னும் பின்னும் வழுக்கித் தேயாதபடி குதிகாலைச் சுற்றி வார் வைத்தார்கள். வேலூரிலும் கரிகிரியிலும் செங்கல்பட்டிலும் இத்தகைய செருப்புகளால் காக்கப்பட்ட கால்கள் எத்தனையோ. இன்று உணர்வு குன்றிய நீரிழிவு நோயாளருக்கும் மருத்துவர்கள் இதே ரப்பரைப் பரிந்துரைக்கின்றார்கள்.

ஒரு துயரத்தையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் செருப்பு தம்மைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று அஞ்சி, பலர் அதனை அணிய மறுத்தார்கள். அதன் வடிவத்தைக் கண்டவுடன் பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். காலைக் காக்கும் செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, பிறரைப்போல் மெல்லிய ரப்பர்ச் செருப்போடு நடந்தவர்கள் மீண்டும் புண்ணோடு வந்தார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கின்றது? எழுந்து போனவர்கள் நம்மைப் போன்றவர்களே.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். கால் எப்படிப் புண்ணாகின்றது என்னும் கேள்வியும் அவருடன் சென்றது. முள் குத்துவதுபோல் ஒரே கணத்தில் நேரும் கேடு ஒன்று. இறுக்கமான ஷூ மணிக்கணக்கில் இரத்தவோட்டத்தைத் தடுப்பதால் நேரும் கேடு இன்னொன்று. இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை. மூன்றாவது ஒன்றை அவர் தேடினார். மயக்கமூட்டிய எலிகளின் பாதத்தில், சதுர அங்குலத்திற்கு இருபது பவுண்டு என்னும் மிதமான அழுத்தத்தைப் பொறியின் வழியே நாள்தோறும் பத்தாயிரம் முறை கொடுத்தார். ஒரு முறை கொடுத்தால் எந்தத் தீங்கும் இல்லாத அழுத்தம் அது. முதல் நாளில் பாதம் சற்றே சிவந்தது. நாள்கள் செல்லச் செல்ல வீங்கிற்று. ஒரு வாரம் அளவில் திசு அழிந்தது. தட்டும் எண்ணிக்கையைக் குறைத்து, வார இறுதியில் ஓய்வும் கொடுத்த எலிகளுக்கோ பாதம் அழியவில்லை, தடித்து வலுப்பெற்றது. அழுத்தம் ஒன்றே, இடையில் விழுந்த ஓய்வினால் விளைவு நேர்மாறாயிற்று. ஓய்வுநாளைக் குறித்து நாம் கேட்டிருக்கும் மறையுரைகள் பல. எலியின் பாதத்தைச் சான்று காட்டியவர் எவரும் இல்லை!

நலமான மனிதரையும் அவர் கவனித்தார். நெடுந்தூரம் ஓடும் ஒருவர் தம்மை அறியாமலே அடி வைக்கும் விதத்தை மாற்றிக்கொள்கின்றார். சூடேறிய இடத்திலிருந்து எடையை வேறிடத்திற்கு நகர்த்துகின்றார். உணர்விழந்த காலோ முதல் அடியையும் ஆயிரமாவது அடியையும் ஒரே விதமாக வைக்கின்றது.

இப்போது நம் சகோதரியின் வகுப்புக்குத் திரும்புவோம். நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 தாளம். ஒரு தாளத்திற்கு ஓர் அடி. நாற்பது நிமிடங்களில் 4,800 அடிகள். ஒவ்வொரு காலுக்கும் 2,400. இசை ஒரே சீராக அடிப்பதால் காலும் ஒரே சீராக விழுகின்றது. நடையில் இயல்பாக நேரும் சிறு மாற்றங்களை இசை அனுமதிப்பதில்லை. வலிக்கும்போது, “இன்னும் பத்து!” என்று பயிற்றுநர் ஊக்குவிக்கின்றார். வலி இருந்தும் அதனைக் கேளாமல் இருக்கக் கற்றுக்கொள்கின்றோம். செங்கல்பட்டு நோயாளரிடமிருந்து நோய் பறித்த ஒன்றை, நாம் பணம் கட்டி அடக்குகின்றோம்.

அவருடைய ஷூவை வாங்கிப் பார்த்தோம். தள்ளுபடியில் மகன் வாங்கித் தந்த ஓட்டக் காலணி. குறை சொல்ல முடியாத பொருள். ஆனால் ஓடுபவர் முன்னோக்கி மட்டுமே செல்கின்றார். பெரும்பாலும் குதிகாலில் இறங்குகின்றார். ஆகவே அதன் மெத்தை குதிகாலில் தடித்து, முன்பாதத்தில் மெலிந்திருந்தது. பலகையிலிருந்து இறங்கும்போதோ முன்பாதம்தான் முதலில் தரையைத் தொடுகின்றது. உயர்ந்த குதிகாலோடு பக்கவாட்டில் தாவினால் கணுக்கால் புரளும். அடியில் ஆழமாக வெட்டிய வரிகள் தரைவிரிப்பைக் கவ்விக்கொள்ள, உடல் திரும்பியும் பாதம் திரும்பாமல், முழந்தாள் அந்த முறுக்கை வாங்கிக்கொள்ளும்.

தாம்பரத்திலுள்ள கடை ஒன்றுக்கு மாலை நேரத்தில் அவருடன் சென்றோம். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாகப் பொருந்தும் ஷூ மாலையில் கடிக்கும். பயிற்சிக்கு அணியும் காலுறையையே அணிந்து வரச் சொல்லியிருந்தோம். நின்ற நிலையில் இரண்டு பாதங்களையும் அளக்கச் செய்தோம். இடது பாதம் சிறிது பெரிதாயிருந்ததால் அதற்கே அளவு எடுத்தோம். நீண்ட விரலுக்கு முன்னே பெருவிரல் அகலம் இடம் விட்டோம். ஷூவை இரு கையாலும் பிடித்து வளைத்தபோது விரல்கள் மடியும் இடத்தில் வளைகின்றதா, நடுவில் மடிந்துவிடுகின்றதா என்று பார்த்தோம். நடுவில் மடிந்த ஒன்றை உடனே ஒதுக்கினோம். ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பார்த்தோம். அதில் தளர்ந்தது இன்னொன்று. குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினோம். கரிகிரிச் செருப்பின் வார் செய்த வேலையை இங்கே செய்ய வேண்டியது அதுதான். அமுங்கிப் போகக் கூடாது. உள்ளே கைவிட்டுத் தையல் உறுத்துகின்றதா என்றும் தடவினோம். கடைக்காரருக்குப் பொறுமை குறைந்துகொண்டே வந்தது.

மெத்தையைக் குறித்துச் சற்று நின்று சொல்ல வேண்டும். 1970-களின் நடுவில் ஓட்டக் காலணிகளில் ஈ.வி.ஏ. என்னும் நுரைப்பொருள் வந்தது. அதுவும் சிறைப்பட்ட காற்றறைகளால் ஆனதே. வேலூர் ரப்பருக்கும் இதற்கும் கொள்கை ஒன்றுதான். கையால் அமுக்கிப் பார்த்து மிகவும் மென்மையாக இருப்பதை வாங்குவதே பலருடைய வழக்கம். ஆனால் உடல் எடை ஏறியதும் முற்றிலும் நசுங்கிவிடுகின்ற நுரை காலைக் காப்பதில்லை. பலகையின் மேல் நிற்கும்போது தள்ளாட்டத்தையும் தருகின்றது. நசுங்கி மீண்டு எழுவதே நல்லது. அதற்கும் ஆயுள் உண்டு. மேற்பகுதி புதிதாகவே தோன்றினாலும், நுரையின் பக்கவாட்டில் நிலையான சுருக்கக் கோடுகள் விழுந்துவிட்டால் அது மீள்வதை நிறுத்திவிட்டது என்று பொருள்.

இறுதியில் அவர் எடுத்தது பக்கவாட்டில் உறுதியுள்ள, முன்பாதத்திலும் மெத்தையுள்ள, அடித்தளம் ஏறக்குறைய தட்டையான ஒன்று. நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. செருப்பின் தோற்றத்திற்கு அஞ்சி அதனைப் பையில் மறைத்தவர்களின் கதையை வரும் வழியில் சொன்னோம். சிறிது நேரம் அவர் பேசவில்லை.

வலியிருந்த காலுக்கு மருத்துவரிடம் காட்டி மூன்று வாரம் ஓய்வு எடுத்தார். புதிய காலணியோடு உடனே நாற்பது நிமிடம் ஆடவில்லை. முதல் வாரம் கால் மணி நேரம், அடுத்த வாரம் இன்னும் சிறிது என்று கூட்டினார்; புதிய செருப்பைக் கொடுத்தவுடன் கரிகிரியில் சொல்லும் அறிவுரையும் அதுவே. பலகையின் உயரத்தைக் குறைத்துக்கொண்டார். ஏறும்போது குதிகால் வெளியே தொங்காமல் முழுப் பாதத்தையும் அதன்மேல் வைக்கின்றார். வகுப்பு வாரத்தில் ஐந்து நாள். அவர் போவது ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று நாள். மாலை செபம் முடிந்ததும் இரு பாதங்களையும் புறங்கையால் தடவிப் பார்க்கின்றார். தொழுநோயாளருக்குப் பிராண்ட் கற்றுக்கொடுத்த வழி அது: ஓரிடம் மற்ற இடங்களைவிடச் சூடாக இருந்தால், மறுநாள் அந்தக் காலுக்கு வேலை இல்லை. சென்ற வியாழனன்று வலக்காலின் பெருவிரலுக்குக் கீழே சற்றுச் சூடாக இருந்ததாம். வெள்ளிக்கிழமை அவர் வகுப்புக்குப் போகவில்லை.